கருகிய சரிவுக்கு ஐந்து உறைகள்

நான் வேலை செய்யும் தண்ணீர் வாரியத்தின் பேரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதற்கும் மூன்று படிவம் நிரப்பச் சொல்வார்கள். அலுவலகம் ஷா ஆலமில் ஏழாவது மாடி. அங்கே நான் டெண்டர் மதிப்பீட்டுக் குழுவின் செயலாளர். பேரைக் கேட்டு மலைக்க வேண்டாம். வந்த உறைகளைப் பிரிப்பது, பேர்களை மறைப்பது, காகிதங்களை அடுக்குவது, பெரியவர்கள் எடுத்த முடிவைத் தட்டச்சு செய்வது, இவ்வளவுதான் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். என் கையில் ஒரு காகிதம்கூடக் காணாமல் போனதில்லை என்று எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

மே மாதம் ஐந்து உறைகள் வந்தன. கிள்ளானில் ஒரு மேட்டின் உச்சியில் எங்கள் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அந்த மேட்டின் சரிவில் புல்லும் காகிதப்பூ வேலியும் இருபத்தொரு மரமும் இருந்தன. பிப்ரவரியில் எல்லாம் எரிந்துபோயின. சரிவைப் பழையபடி பச்சையாக்கித் தரும் குத்தகைக்குத்தான் அந்த ஐந்து உறைகளும்.

எரித்தது நான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்து வைத்து உங்களைத் திடுக்கிட வைக்கும் எண்ணம் எனக்கில்லை. ஒளித்து வைத்ததன் பலனை நான்கு மாதம் அனுபவித்தாகிவிட்டது, அதுவே போதும்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தரும் ஓலையை வீட்டுக்குக் கொண்டுவந்து பாடுபட்ட இயேசு சுரூபத்துக்குப் பின்னால் செருகி வைப்போம். காய்ந்து சருகானாலும் அதைக் குப்பையில் போடக் கூடாது. அடுத்த வருடம் விபூதி புதனுக்கு முன்னால் கோயிலில் ஒப்படைக்க வேண்டும். அவற்றை எரித்த சாம்பலைத்தான் சாமியார் எங்கள் நெற்றியில் பூசுவார். ஓலை வாங்கக் கோயிலுக்குப் போகத் தெரிந்த எனக்கு அதைத் திருப்பிக் கொடுக்க மட்டும் நினைவு வராது. கோயில் வாசலில் மூன்று ஞாயிறு பெட்டி வைத்தார்கள். மூன்று ஞாயிறும் நான் கோயிலில் இருந்தேன், ஓலைக்கட்டு பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ஃபிளாட்டில் பிரிட்ஜ் மேல் இருந்தது. அதுவும் ஒரு வருடத்து ஓலை இல்லை. கோவிட் காலத்தில் கோயில் மூடிக் கிடந்ததிலிருந்து சேர்ந்துவிட்ட நான்கு வருடத்து ஓலை.

இதில் என் கைவேலை வேறு. ஓலையைக் கீறிச் சின்னச் சின்னச் சிலுவையாகப் பின்னுவேன். நடுவில் நூல் கட்டினால் காய்ந்ததும் நழுவிவிடும் என்று செப்புக் கம்பியால் முறுக்கிக் கட்டுவேன். கம்பிக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை. என் கணவர் மார்வின் வயரிங் வேலை பார்த்தவர். முதுகெலும்பில் ஆபரேஷன் ஆன பிறகு வேலை நின்றது, கம்பிச் சுருள்கள் மட்டும் நின்றபாடில்லை. அப்படிப் பின்னிய சிலுவை ஒன்று என் காரின் கண்ணாடியிலும் தொங்கியது.

அதைப் பார்த்துத்தான் போன வருடம் தங்கமணி கேட்டாள், இது என்ன தாயத்தா என்று. தங்கமணி கிள்ளான்காரி. அந்தச் சரிவில் புல் வெட்டி மரம் பார்க்கும் பராமரிப்புக் குத்தகை அவளுடையது. ஒரு சின்ன லோரி, மூன்று இந்தோனேசிய ஆட்கள், லோரியை ஓட்டுவதும் அவளே. ஆள் பற்றாக்குறையில் அதைப் பார்வையிடும் வேலையும் என் தலையில் விழுந்திருந்தது; மாதம் ஒருமுறை நான் போகும்போது அடிவாரத்தில் என் காரில் ஏறிக்கொண்டு மேலே வருவாள். நான் ஞானோபதேச வகுப்பு எடுப்பவளைப்போல அவளுக்கு விளக்கினேன். இது மந்திரித்தது, காலில் படக் கூடாது, குப்பையில் போகக் கூடாது, எரித்துச் சாம்பலை மண்ணோடு சேர்க்க வேண்டும் என்றெல்லாம். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். எதைச் சொன்னாலும் கவனமாகக் கேட்பவள் அவள்.

பிப்ரவரி பதின்மூன்று, செவ்வாய்க்கிழமை. மறுநாள் விபூதி புதன். கோயில் பெட்டியை எடுத்துவிட்டார்கள். கோயில் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடு என்று மார்வின் சொன்னார். நான்கு வருடத்துக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிறவள் நான். ஃபிளாட்டில் எரிக்கவும் முடியாது. ஊதுவத்தி கொளுத்தினாலே மேல்மாடிக்காரர் மேனேஜ்மென்டுக்குப் போன் போடுவார். அன்று கிள்ளான் மேட்டைப் பார்வையிடும் வேலை எனக்கு இருந்தது. கட்டைக் காரில் போட்டுக்கொண்டு போனேன்.

சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்த முதல் நாள் அது. மேட்டில் ஓர் ஈ காக்கை இல்லை. வாரக் கணக்கில் மழையும் இல்லை. தங்கமணியின் ஆட்கள் விடுமுறைக்கு முன்பே புல்லை வெட்டிச் சரிவில் குவித்து வைத்திருந்தார்கள். குப்பை கொட்டுமிடம் விடுமுறைக்கு மூடியிருக்கிறது, ஆட்களும் நான்கு நாள் லீவு, புதன்கிழமை அள்ளிவிடுகிறேன் என்று அவள் எனக்குப் போனில் சொல்லியிருந்தாள். சரி என்று நானும் சொல்லியிருந்தேன். வாய்வார்த்தையாகச் சொன்னதுதான், எழுத்தில் இல்லை.

பம்ப் அறைக்குப் பின்னால் ஒரு காலிப் பெயிண்ட் டின் கிடந்தது. ஓலைகளை அதற்குள் போட்டுக் கொளுத்தி, பக்கத்தில் நின்று ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். குபுகுபுவென்று எரிந்து ஐந்து நிமிடத்தில் அடங்கிவிட்டது. சாம்பலை எங்கே போடுவது? சிமெண்டுத் தரையில் கொட்டினால் மிதிபடும். யார் காலும் படாத இடம் காகிதப்பூ வேலிக்கு உள்ளே, முதல் தெம்புசு மரத்தின் அடி. அங்கே கொண்டுபோய்க் கொட்டினேன். தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றினால் சாம்பல் கரைந்து கீழே லோங்காங் வாய்க்காலில் போய்ச் சேரும், மந்திரித்தது சாக்கடையில் ஓடக் கூடாது என்று நினைத்தேன். எட்டு மில்லியன் லிட்டர் தண்ணீர்த் தொட்டியின் காலடியில் நின்றுகொண்டு ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்ற மறுத்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தளர்ந்து கிடந்த ஓலைகள் எரிந்து முடிந்துவிட்டன. இறுக்கிப் பின்னிய சிலுவைகளின் முடிச்சுக்குள் நெருப்பு உட்கார்ந்திருந்தது. எனக்கு அது தெரியவில்லை. இரண்டு இருபத்தைந்துக்குக் கேட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். நான்கு மணிக்கு, மேடு எரிகிறது என்று அலுவலகத்துக்குப் போன் வந்தது.

யாருக்கும் காயமில்லை. தொட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. குவிந்து கிடந்த காய்ந்த புல் நெருப்பைச் சரிவு முழுக்கக் கூட்டிக்கொண்டு போயிருந்தது. மறுநாள் காலைப் பூசையில் சாமியார் என் நெற்றியில் சாம்பல் பூசினார். அந்த வருடம் விபூதி புதன் காதலர் தினத்தில் வந்தது. அலுவலகப் பெண்கள் ரோஜாப்பூவோடு லிஃப்டில் ஏற, நான் நெற்றியில் சாம்பலோடு ஏறினேன். ஏறுவதற்கு முன்னால் கார் நிறுத்துமிடத்திலேயே கண்ணாடியில் தொங்கிய சிலுவையைக் கழற்றி டேஷ்போர்டுக்குள் போட்டு மூடினேன். அன்று மத்தியானம் சேதத்தைப் பார்வையிட தங்கமணியை அதே காரில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போனேன். கறுத்துப்போன சரிவைப் பார்த்து அவள் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

தீ எப்படிப் பிடித்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, வெட்டிய புல் அகற்றப்படாததால் பரவியது என்று விசாரணை முடிந்தது. குத்தகைக்காரரின் ஆட்கள் வீசிய சிகரெட்டாக இருக்கலாம் என்று யாரோ சொல்ல, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. கடைசியாக அங்கே போய்வந்த அதிகாரி என்பதால் விசாரணையின்போது என்னிடம் ஓர் அறிக்கை கேட்டிருந்தார்கள். அதில் ஒரு கேள்வி இருந்தது. நீங்கள் பார்வையிட்ட நேரத்தில் குத்தகைக்காரரின் ஆட்கள் எவரும் அங்கே இருந்தார்களா?

இல்லை என்பதுதான் பதில். அறிக்கை மலாயில், அதற்கு ஒரே ஒரு சின்னச் சொல் போதும். ஆனால் இல்லை என்று எழுதினால் அடுத்த கேள்வி தானாக வரும். அப்படியானால் யார் இருந்தார்கள்? பூட்டிய கேட்டுக்குள் இருந்தது நான் மட்டும்தான். திறந்த வெளியில் தீ மூட்டியதற்குச் சட்டப்படி ஒரு தண்டனை, வாரியத்தின் சொத்தை எரித்ததற்கு இன்னொன்று. வேலை போகும். வீட்டில் நிலையாக வருவது என் சம்பளம் ஒன்றுதான். மகள் செரீனா இரண்டாம் வருடம் படிக்கிறாள். அரை மணி நேரம் அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு, உறுதிப்படுத்த இயலவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பொய் சொல்லாமல் ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுக்க அலுவலக பாஷையில் இவ்வளவு வசதி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த ஒரு வரியை வைத்துத் தங்கமணியின் கோப்பில் கவனக்குறைவு என்று பதிவு ஏறியது. அந்தப் பதிவு இரண்டு வருடம் இருக்கும். எந்த அரசாங்க வேலைக்கு உறை போட்டாலும் அது கூடவே போகும். வீடுகளில் புல் வெட்டிப் பிழைக்கலாம், ஆனால் அதற்கு ஒரு லோரியும் மூன்று ஆட்களும் தேவையில்லை.

மார்வினிடம் மட்டும் சொன்னேன். அவர் முதுகைத் தடவிக்கொண்டார். பிறகு, செரீனா படிப்பு முடியட்டும், அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அதைச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் நானே அவரிடம் சொன்னேன்.

மார்ச்சில் தங்கமணி போன் செய்தாள். குத்தகைக்காரர்களிடம் தனியாகப் பேசக் கூடாது என்று விதி. எடுக்காமல் இருந்திருக்கலாம். எடுத்தேன்.

"அக்கா, ஒரே ஒரு உதவி. என் ஆளுங்க அன்னைக்கு அங்க இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். நீங்க வந்து பார்த்தீங்கல்ல."

விசாரணை முடிந்த விஷயம், என்னால் எதுவும் பேச முடியாது என்றேன். என் குரல் எனக்கே கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருத்தியின் குரலாகக் கேட்டது. அவள் கெஞ்சவில்லை. 

"அவசரமில்லக்கா. யோசிச்சே சொல்லுங்க," என்று வைத்துவிட்டாள்.

அந்த மாதம் குருத்தோலை ஞாயிறு வந்தது. கை நீட்டி ஓலை வாங்க என்னால் முடியவில்லை. எனக்கும் சேர்த்து மார்வின் வாங்கினார். அதை நான் பின்னவில்லை. பூசையில் நன்மை அப்பம் வாங்க எல்லோரும் வரிசையாக எழுந்து போகும்போது நான் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்தே இருந்தேன். வாசகம் வாசிக்கத் தொண்டை சரியில்லை என்று ஒதுங்கிக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது காருக்குப் பார்க்கிங் டிக்கெட் போட மறந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஞாபகமாக டிக்கெட் போட்டிருந்தேன்.

மே மாதத்து உறைகளுக்கு வருகிறேன்.

எங்கள் குழுவில் யார் உறை போட்டது என்று மதிப்பிடுகிறவர்களுக்குத் தெரியக் கூடாது. பேர், முத்திரை எல்லாவற்றையும் செயலாளர் மறைத்துவிட்டு ஒன்று முதல் ஐந்துவரை எண் போடுவார். எந்த எண் யார் என்ற பட்டியல் செயலாளரின் பூட்டிய மேசையில் இருக்கும். உறைகளைப் பிரிக்கும்போது நான்காவதில் தங்கமணியின் பேர் இருந்தது. பதிவு ஏறிய பிறகும் போட்டிருக்கிறாளே என்று முதலில் கோபம்தான் வந்தது. அவள் மேல் எனக்குக் கோபம் வந்ததை நினைத்தால் இப்போது கூசுகிறது. பேரை மறைத்து நான்கு என்று எண் போட்டேன்.

குழுவின் தலைவர் சீவரத்தினம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ரயில்வேயில், இவர் வாரியத்தில். ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கிறது. தமாஷ் பேச மாட்டார், குரலை உயர்த்தவும் மாட்டார். நான்கு மணிக்கு இரண்டு வாழைப்பழப் பலகாரம் சாப்பிடுவார், அது ஒன்றுதான் அவருடைய ஊதாரித்தனம். அவரும் இரண்டு பொறியாளர்களும் மூன்று நாள் உட்கார்ந்து படித்தார்கள்.

மற்ற நால்வரும் ஒரே பாட்டைப் பாடியிருந்தார்கள். எரிந்த மரங்களை வெட்டி அகற்றி, புது மரம் வாங்கி நட்டு, புல் பாய் விரித்துத் தருகிறோம். நான்காம் எண் மட்டும் மரங்களை வெட்ட வேண்டாம் என்றிருந்தது. இருபத்தொரு மரத்துக்கும் தனித்தனியாக ஒரு வரி. பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்ததில் பதினான்கு மரங்களில் உள்ளே பச்சை இருக்கிறது, மழை விழுந்தால் துளிர்க்கும். ஏழு மரம் செத்துவிட்டது. முதல் தெம்புசு அடியோடு செத்துவிட்டது, அதன் வேர்ப்பக்கம்தான் சூடு அதிகம்.

அந்தக் கடைசி வரியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்குத் தெரியாது.

சீவரத்தினம் அந்தத் தாளை மேசையில் வைத்து விரலால் தட்டினார்.

"மற்ற நாலு பேரும் காருக்குள்ள இருந்து பார்த்திட்டு எழுதியிருக்கினம். இந்த ஆள் மரத்தைச் சுரண்டிப் பார்த்திருக்கு," என்றார்.

பொறியாளர்களும் தலையாட்டினார்கள். நான்காம் எண்ணுக்குத்தான் கூடுதல் புள்ளி. மதிப்பெண் போட்டு முடிந்ததும் பட்டியலைத் திறந்து, முதலில் வந்தவருடைய பழைய பதிவுகளைச் செயலாளர் இணைக்க வேண்டும். திறந்தேன். இணைத்தேன். கவனக்குறைவு என்ற பதிவும் அதன் பின்னால் என் அறிக்கையும் மேசைக்குப் போயின.

சீவரத்தினம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கிறிஸ்டின், இது நீங்கள் எழுதினதுதானே? ஆட்கள் இருந்ததை உறுதிப்படுத்த இயலவில்லை எண்டு போட்டிருக்கு. இதில கூட்டிச் சொல்ல ஏதும் இருக்கோ?"

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பதாகத்தான் அது இருந்தது. மூன்று மாதத்துக்கும் மேலாக மூச்சுமுட்டக் கிடந்தவள் நான். இரண்டு வார்த்தை சொன்னால் வெளியே வந்துவிடலாம். ஏர்கண்டிஷன் சத்தம் கேட்டது. பொறியாளர் ஒருவர் கைப்பேசியில் மணி பார்த்தார். செரீனாவின் முகம் வந்தது, மார்வினின் முதுகு வந்தது.

"இல்ல சார்," என்றேன்.

"அப்ப நாங்கள் என்ன செய்யேலும்," என்று அவர் அந்தத் தாள்களை ஒதுக்கி வைத்தார். இரண்டாம் எண்ணை எடுத்தார்கள். இருபத்தொரு மரத்தையும் வெட்டித் தள்ளுகிறவர்.

ஜூன் ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை. இரண்டாம் எண்ணுக்கான ஒப்புதல் கடிதத்தைத் தட்டச்சு செய்து கோப்பில் வைத்துவிட்டேன். மூன்று மணிக்கு சீவரத்தினம் கையெழுத்துப் போடுவார். போட்டுவிட்டால் அப்புறம் யார் நினைத்தாலும் மாற்ற முடியாது. இரண்டரைக்குப் போன் வந்தது. தங்கமணி கீழே நின்றாள். மேட்டுக் கேட்டின் சாவியை ஒப்படைக்க வந்திருந்தாள். அவளுடைய பராமரிப்புக் குத்தகை மே மாதத்தோடு முடிந்துவிட்டது, புதுப்பிக்கவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் லோரி இல்லை. மோட்டார் சைக்கிளில் வந்திருந்தாள். லோரியைக் கொடுத்துவிட்டதாகவும் அடுத்த வாரத்திலிருந்து செராஸில் ஒரு காண்டோவில் துப்புரவு வேலையை மேற்பார்க்கப் போவதாகவும் சொன்னாள். கிள்ளானிலிருந்து செராஸுக்குத் தினமும் எப்படிப் போவாய் என்று கேட்டேன். போய்த்தானே ஆக வேண்டும் என்றாள். சாவியை வாங்கிக்கொண்டு ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் போகவில்லை. பைக்குள்ளிருந்து, கடையில் தொட்டுக்கொள்ளச் சம்பல் போட்டுக் கொடுப்பார்களே, அந்த மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இது உங்களோடதுக்கா."

உள்ளே பஞ்சு விரித்து, அதன்மேல் பாதி கருகிய சிலுவை ஒன்று இருந்தது. ஒரு கை முழுதாக எரிந்துபோயிருந்தது. நடுவில் செப்புக் கம்பி கறுத்து, முறுக்கு அவிழாமல் இருந்தது. என் விரல் முறுக்கிய முறுக்கு எனக்குத் தெரியாதா?

எப்போது கிடைத்தது என்று கேட்டேன். கேட்டது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"நெருப்பு அணைஞ்ச மூணாம் நாள். சரிவுக்குக் கீழ லோங்காங் கழுவும்போது. உங்க கார்ல தொங்கினதுதான் ஞாபகம் வந்துச்சு. சேதம் பார்க்கப் போறப்ப ஏறினேனே, அப்ப அது இல்லையே, கழட்டிட்டீங்களேன்னு அப்பதான் தோணுச்சு." டப்பாவைக் கண்ணால் காட்டினாள். "குப்பையில போடக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல. அதான் பத்திரமா வச்சிருந்தேன்."

மார்ச்சில் அவள் போன் செய்தபோதே அவளுக்குத் தெரியும். யோசிச்சே சொல்லுங்க என்றபோது தெரியும். பட்டையைச் சுரண்டி, முதல் தெம்புசின் வேரில்தான் சூடு அதிகம் என்று எழுதியபோதும் தெரியும். இதை ஏன் மேலே கொண்டுபோய்க் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"ஆபிசரைக் கை காட்டினவளுக்கு அப்புறம் எவன்க்கா வேலை குடுப்பான்? நம்புவாங்களா, அதுவே சந்தேகம்." ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைத்தாள். "அதோட, நீங்களே சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். தினமும் நினைச்சேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. வாரை மாட்டிக்கொண்டு, வரேன்க்கா என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினாள். ஃபெடரல் ஹைவே பக்கம் திரும்பி மறைந்தாள்.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் பெரிய குப்பைத்தொட்டி இருந்தது. அதில் போட முடியாது. எரிக்கவும் முடியாது, ஒருமுறை எரித்துப் பார்த்தாகிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோனால் மார்வின் ஏதாவது ஓர் இடுக்கில் ஒளித்து வைப்பார், நான் தினமும் அந்த இடுக்கைத் தாண்டிச் சமையலறைக்குப் போக வேண்டும். இரண்டு வருடம். செரீனா படிப்பு முடியும்வரை. அதற்குப் பிறகும் ஒரு காரணம் வரும், எனக்கு என்னைத் தெரியும்.

மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. லிஃப்டில் ஏறி ஏழை அழுத்தினேன். பயமாக இருந்தது.  மேசையிலிருந்து கோப்பை எடுத்துக்கொண்டு சீவரத்தினத்தின் அறைக்குள் போய் அவர் முன்னால் விரித்து வைத்தேன். ஒப்புதல் கடிதம், மூன்று பிரதி. அவர் பேனாவைத் திறந்தார்.

அவர் கை தாளுக்கு வருவதற்குள் டப்பாவைத் திறந்து கடிதத்தின் மேல், கையெழுத்துப் போடும் இடத்திலேயே வைத்தேன். கொஞ்சம் கரி உதிர்ந்து தாளில் விழுந்தது. அவர் சிலுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்ன இது என்று கேட்டார்.

"என்னோடது சார். அன்னைக்கு மேட்டுல அவங்க ஆளுங்க யாரும் இல்ல. நான் மட்டும்தான் இருந்தேன்."

 அவர் பேனாவை மூடவில்லை. பிறகு டப்பாவை இரண்டு விரலால் பத்திரமாகத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒப்புதல் கடிதங்களைக் கவிழ்த்துப் போட்டார். இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் பக்கம் தள்ளி, திறந்திருந்த பேனாவை அதன்மேல் வைத்தார்.

"இருங்கோ. இருந்து எழுதுங்கோ," என்றார்.

உட்கார்ந்தேன். தேதி போட்டேன், என் பேரும் ஊழியர் எண்ணும் எழுதினேன். அதன் கீழே, உறுதிப்படுத்துகிறேன் என்று ஆரம்பித்தேன்.